மட்டக்களப்பு வயல்வெளியில் ஒரு வரலாற்று நாவல்: விஞ்ஞானமும் சமயமும் எங்கே மோதும்?

கேள்வி: மட்டக்களப்புப் பக்கத்து விவசாயக் கிராமம் ஒன்றில் விஞ்ஞானமும் சமயமும் மோதுவதாக ஒரு வரலாற்று நாவல் எழுத நினைக்கிறேன். அம்மை நோய்க்குத் தடுப்பூசி வந்த காலத்தை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளைக்கார வைத்தியர், மறுபக்கம் கோயில் பூசாரி என்று யோசித்திருக்கிறேன். இது சரியாக வருமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

எழுதலாம். ஆனால் அந்தக் காலத்தையும் அந்த இரண்டு பாத்திரங்களையும் விட்டுவிடச் சொல்வேன். அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு 1802இலேயே வந்துவிட்டது. 1886இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி, கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு வைத்த ஊர்களுக்குள் ஊசிக்காரர் வந்தபோது எதிர்ப்பு இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கதை என்று வரும்போதுதான் சிக்கல். அம்மை விஷயத்தில் தடுப்பூசி முழுக்கச் சரி. அந்த நோய் இன்று உலகத்திலேயே இல்லை. வாசகர் முதல் பக்கத்திலேயே யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிடுவார். பிறகு பூசாரி எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அவர் தோற்பதற்காகவே கதைக்குள் வந்தவராகிவிடுவார். முந்நூறு பக்கத்துக்கு அது போதாது.

மலேரியாவும், டி.டி.ரி. என்ற பூச்சிக்கொல்லியும் இன்னொரு வழி. 1946இல் இலங்கை முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்குக் காய்ச்சல். வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடித்து அடித்து 1963இல் அதை 17 பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வென்றாயிற்று என்று கையைத் தளர்த்தியதும் 1968, 1969இல் மறுபடியும் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். இது நல்ல கதைதான். ஆனால் இதில் சமயத்துக்கு அதிக வேலையில்லை. நுளம்பு செத்தால் அம்மனுக்கு யாரும் அஞ்சப்போவதில்லை.

நான் எழுதுவதாக இருந்தால் 1970களின் நடுப்பகுதியை எடுப்பேன். இடம் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை. பகை வெள்ளைக்காரன் அல்ல, நெல்லின் அடித்தண்டில் இருந்து சாறு குடிக்கிற ஒரு சின்னப் பூச்சி. விவசாயத் திணைக்களம் அதைக் கபிலநிறத் தத்தி என்று சொல்லும், விவசாயி அறக்கொட்டி என்பார். இரண்டு தரப்பும் ஒவ்வொரு விஷயத்தில் சரியாகவும் ஒவ்வொரு விஷயத்தில் பிழையாகவும் இருந்த காலம் அது. இந்த மண்ணில் எனக்குத் தெரிந்து அப்படியான மோதல் வேறு இல்லை.

பூச்சியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் கதையின் எலும்பு அதுதான். தாய்த் தத்தி நெல்லின் இலைமடலைக் கீறி, அதன் தசைக்குள் முட்டை வைக்கும். ஒரு வாரம் சொச்சத்தில் குஞ்சு வெளிவரும், இன்னும் இரண்டு வாரம்போல் போனால் அதுவும் தாயாகும். பயிர் நெருக்கமாக இருந்து, யூரியா கூடி, அடியில் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல் இருந்தால் அதற்குச் சொர்க்கம். நம் பக்கத்தில் நாற்று நடுவது குறைவு, வீசி விதைப்புத்தான் கூட. ஆகவே நெருக்கத்துக்குக் குறைவில்லை. பெருகியதும் வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் மஞ்சளாகி, பிறகு கபிலமாகிக் காய்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அங்கங்கே நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். விஞ்ஞானிகளும் அதை எரிவு என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது கண்ணகியை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பில் கண்ணகி என்பவள் மதுரையை எரித்துவிட்டு, அந்தக் கொதிப்பு ஆறாமல் வந்து நின்றவள். வைகாசியில் கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, வழக்குரை என்ற அவள் கதைப்பாட்டைப் படித்து, கடைசியில் குளிர்த்தி ஆடுவது எல்லாம் அவளைத் தணிவிக்கத்தான். தணிந்தால் மழை, விளைச்சல், நோயற்ற பிள்ளைகள். தணியாவிட்டால் வெக்கை, அம்மை, பஞ்சம். சித்திரையில் விதைத்த மூன்று மாத நெல் வைகாசிக் கடைசியில், கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்துக்கு வந்து நிற்கும். சடங்கும் அந்த நாட்களில்தான். அந்த வாரத்தில் வயல் வட்டம் வட்டமாக எரிந்தால் ஊர் எதை நினைக்கும்? இதை நீங்கள் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்யவே தேவையில்லை. நாட்காட்டியும் பூச்சியும் சேர்ந்து தாமாகவே உண்டாக்கித் தருகிற காட்சி அது.

அடுத்தது இன்னும் கூர்மையானது. அறக்கொட்டிக்குச் சொல்லப்படும் பரிகாரங்களில் ஒன்று, வரவையிலுள்ள, அதாவது வரப்புக் கட்டிய வயல் துண்டிலுள்ள தண்ணீரை மூன்று நான்கு நாளுக்கு வடியவிட்டு அடிப்பாகத்தைக் காயவிடுவது. கோயிலில் அம்மனைத் தண்ணீரால் குளிர்விக்கிற அதே நாட்களில் அதிகாரி வந்து வயலில் தண்ணீரை வெட்டிவிடச் சொல்கிறார். நாவலின் மையக் காட்சியாக இதை வைக்கலாம். ஒரு மாதிரிக்கு எழுதிப் பார்க்கிறேன். போடியார் என்பவர் நிலக்காரர், வட்டை என்பது வயல்வெளி:

"போடியார், தண்ணியை வெட்டி விடுங்கோ. மூண்டு நாளைக்கு அடி காயட்டும்."

"வட்டை பத்தி எரியுது தம்பி. எரியிறதுக்குத் தண்ணி ஊத்துவாங்களா, இருக்கிற தண்ணியையும் வெட்டுவாங்களா?"

"இது நெருப்பில்லை ஐயா. குனிஞ்சு அடித்தண்டைப் பாருங்கோ. பூச்சி இருந்து சாறைக் குடிக்குது."

"பூச்சி இருக்கிறது எனக்கும் தெரியும். அதை ஆரு அனுப்பினதெண்டுதான் நான் கேக்கன். மறுகா, நான் வெட்டினாப் போதுமா? கீழ் வயல்காரன்ட தண்ணி என்ன செய்யிற?"

கடைசி வரியைக் கவனியுங்கள். போடியார் நம்பிக்கையை மட்டும் பேசவில்லை. ஒரு வரவையில் வெட்டிய தண்ணீர் அடுத்த வரவைக்குப் போகும். பெரிய வட்டையில் ஒருவர் மட்டும் வடித்துக் காயவிடுவது நடக்காத காரியம். எல்லோரும் ஒன்றாக இணங்க வேண்டும், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை ஒழுங்கு செய்ய வேண்டும், வாய்க்கால் முறை மாற வேண்டும். நூலில் சரியாக இருக்கும் ஆலோசனை வயலில் நாலைந்து மனிதர்களின் சம்மதத்தில் தொங்கும். விவசாயக் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். "கடவுள் இருக்கிறாரா" என்ற விவாதம் அங்கே யாருக்கும் இல்லை. திகதியை யார் வைப்பது, தண்ணீரை யார் திறப்பது, யார் சொல்லை யார் கேட்பது என்பதில்தான் சண்டை.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1850களில் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைப் பக்கத்துக் குளங்களைத் திருத்தினார்கள். 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் ஒன்று வந்தது. அது புதிய விதி எதையும் திணிக்க வரவில்லை. ஊரில் இருந்த பழைய வழக்கத்தை மீட்டெடுத்து, கூட்டம் கூடிப் பெரும்பான்மையாக முடிவெடுத்து, அதற்குச் சட்டபலம் கொடுக்கத்தான் வந்தது. இன்றைக்கும் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் பேசித் தீர்மானிக்கிறார்கள் அல்லவா, அதன் வேர் அங்கே இருக்கிறது. பூச்சி விஷயத்திலும் இது மிக முக்கியம். எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் வெட்டினால் பூச்சிக்கு இடையில் பட்டினி. ஆளுக்கொரு நாளில் விதைத்தால் அது ஒரு வயலில் தின்று முடித்து அடுத்த வயலுக்கு நடக்கும். பழைய ஊர்க் கட்டுப்பாடு, கோயில் சடங்குக்கு முன் இன்னது முடியவேண்டும் என்ற ஒழுங்கு, இவையெல்லாம் பூச்சியியலே தெரியாமல் பூச்சியைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. இதை யாராவது ஒரு பாத்திரம் வாய்விட்டு விளக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடு உடையும்போது என்ன நடக்கிறது என்று காட்டினால் போதும்.

விஞ்ஞானம் எங்கே பிழைத்தது என்பதையும் அதே நேர்மையோடு எழுதவேண்டும். 1950களின் கடைசியில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 நெல் வந்தது. முருங்கக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் இந்தோனேசிய நெல் ஒன்றையும் சேர்த்து உண்டாக்கியது. 1970இல் பி.ஜி. 11-11, அடுத்த ஆண்டு மூன்று மாத நெல்லான பி.ஜி. 34-8. விளைச்சல் உண்மையிலேயே கூடியது, அதில் பொய்யில்லை. அந்த நெல்லோடு பசளையும் வந்தது, பசளையோடு எண்ணெய் என்று ஊர் சொல்லும் பூச்சிமருந்து வந்தது. அக்காலத்தில் எந்தக் கிருமிநாசினிக்கும் கிராமத்தில் ஒரே பெயர், பொலிடோல். அடித்தால் மேலே தெரிகிற பூச்சி சாகும். ஆனால் இலைமடலுக்குள் இருக்கிற முட்டை தப்பிவிடும். தத்தியைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் சிறிய பச்சைப் பூச்சியும் முதல் அடியிலேயே போய்விடும். வரவையில் ஓடித்திரியும் அந்தச் சிலந்தி ஒன்று நாளைக்குப் பத்துத் தத்திகள்வரை தின்னக்கூடியது. எட்டாம் பத்தாம் நாள் முட்டை பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. ஆகவே அதிகம் அடித்தவன் வயலில் அதிக எரிவு. திரும்பவும் அடிப்பான். திரும்பவும் எரியும்.

பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சிகளில் இது தெளிவாக நிறுவப்பட்டு, 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடிக்கும் 57 வகை மருந்துகளை ஒரே உத்தரவில் தடைசெய்யும் அளவுக்குப் போனது. உணவு விவசாய நிறுவனம் ஆசிய நாடுகளில் நடத்திய ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 1980களில் இலங்கையும் சேர்ந்திருந்தது. ஆனால் உங்கள் கதை நடக்கிற ஆண்டில் விவசாயத் திணைக்களத்தின் அந்த இளம் போதனாசிரியருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கையில் இருப்பது அன்றைய நூல். நூல் அடிக்கச் சொல்கிறது. மனச்சாட்சியோடுதான் அடிக்கச் சொல்கிறார்.

சரி, அப்போது அம்மனை நம்பி அடிக்காமல் விட்டவர் வயல் என்ன ஆகும்? இங்கே எழுத்தாளர் மிகக் கவனமாக இருக்கவேண்டும். சிலந்தி உயிரோடு இருப்பதால் அவர் வயல் தப்பலாம். பக்கத்து வயல்களில் பெருகிய நீண்ட சிறகுத் தத்திகள் பறந்துவந்து அவருடையதையும் எரித்துவிடலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை. "பக்தன் வயல் பிழைத்தது" என்று எழுதினால் அது அற்புதக் கதையாகிவிடும். "மூடநம்பிக்கையால் வயல் போனது" என்று எழுதினால் பள்ளிக்கூட நாடகமாகிவிடும். ஒரே குடும்பத்தின் இரண்டு துண்டு வயல், ஒன்று தப்பி ஒன்று எரிவதாக வையுங்கள். ஏன் என்று அன்றைக்கு ஊரில் யாருக்கும் தெரியாது. அவரவர் தமக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்வார்கள். இன்றைய வாசகருக்கு மட்டும் வரப்பில் ஓடுகிற சிலந்தியை ஒரு வரியில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாத்திரங்கள் பற்றி. விஞ்ஞானத்தின் ஆளை நாத்திகனாக்காதீர்கள். அந்தக் காலத்துப் போதனாசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவராக இருந்தால் மிக இயல்பு. விடிய எழும்பித் திருநீறு பூசுகிற சைவர். ஆனால் அவர் அறிந்தது ஆகமக் கோயில். கண்ணகி கோயில் பூசகரான கப்புகனார் பூசை செய்வதும், சாமியாடும் தேவாதி உருவேறிக் கட்டு, அதாவது குறி, சொல்வதும் அவருக்குக் கொஞ்சம் கீழான சங்கதியாகப் படும். அந்த இளக்காரத்தை ஊர் உடனே மோப்பம் பிடித்துவிடும். அவர் கொண்டுவரும் மருந்தை ஊர் மறுப்பதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். அரச கருமங்கள் சிங்களத்தில் நடக்கத் தொடங்கி, 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழர் மனதில் காயம் ஆறாத காலம் என்பதையும் மறக்கவேண்டாம். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, மேலே புதிய குடியேற்றங்கள் வந்து, கீழ்ப்பக்க விவசாயிக்குத் தண்ணீர் யார் கையில் என்பதே அரசியலாகிவிட்ட பின் அரசாங்கத்தின் வாயிலிருந்து வருகிற எந்த ஆலோசனையும் வெறும் ஆலோசனையாகக் காதில் விழாது.

கப்புகனாரையும் முரட்டு ஆளாக்க வேண்டாம். அவருக்கு வயலும் உண்டு. இரவில் வழக்குரை படித்துவிட்டு விடியத் தோணியேறி வயலுக்குப் போகிறவர். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குக் கடக்கும்போது இரண்டு கரையும் அவருக்குத் தெரியும். எழுவான்கரையில் கோயில், படுவான்கரையில் வயல் குடிசையான வாடி. தன் வயல் எரியும்போது அவரே இரவில் களவாக எண்ணெய் வாங்கி அடித்தால் என்ன? விடிந்தால் குளிர்த்திக்குக் கையில் வேப்பிலை எடுக்கவேண்டும். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

முஸ்லிம் மக்களை விட்டுவிட்டு அம்பாறை மட்டக்களப்பு விவசாயத்தை எழுதவே கூடாது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் தமிழர் வரவையும் முஸ்லிம் வரவையும் ஒரே வாய்க்காலில் குடிக்கின்றன. பூச்சிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓதித் தெளிப்பார்கள், கந்தூரி கொடுப்பார்கள். இந்தப் பக்கம் மந்திரித்த மணல் வீசுவார்கள், வைரவருக்கு மடை வைப்பார்கள். இரண்டு தரப்பிலும் உள்ளுக்குள் இன்னொரு சண்டை இருந்தது. படித்து வந்த இளம் மௌலவி கந்தூரியே மார்க்கத்தில் இல்லை என்பார். சைவத்தில் சீர்திருத்தம் பேசுகிறவர் பலியை நிறுத்து, ஊர் முறையான பத்ததியை விட்டு ஆகமத்துக்கு வா என்பார். ஆக மோதுவது இரண்டு பேரல்ல, நாலைந்து பேர். வரப்பில் நின்று ஒரு தமிழ்ப் போடியாரும் ஒரு முஸ்லிம் போடியாரும், "காக்கா, உங்கட மௌலவி என்ன சொல்றாரு?" "உங்கட கப்புகனாரு சொல்றதத்தான் அவரு வேறமாதிரிச் சொல்றாரு மச்சான்" என்று பேசிக்கொள்ளட்டும். அந்த நெருக்கம் பின்னர் எப்படி முறிந்தது என்று தெரிந்த வாசகருக்கு அந்த வரிகள் வேறு கனத்தில் விழும்.

பெண்கள். இந்த மண்ணின் குடி வழமை தாய்வழி. வீடும் வயலும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். கணவன் போடியார் என்று ஊர் சொன்னாலும் காணியுறுதி மனைவி பெயரில் இருக்கலாம். ஆகவே எண்ணெய் வாங்கக் கடன்பட வேண்டுமா என்பதில் கடைசிச் சொல் வீட்டுக்குள் இருக்கிறது. பெத்தா, அதாவது பாட்டி ஒருத்தி, "என்ட காணிக்கு நஞ்சு ஊத்த உடமாட்டன்" என்று சொன்னால் அதை மீற அதிகாரிக்கும் முடியாது, மருமகனுக்கும் முடியாது. அவள் அதைப் பக்தியால் சொல்கிறாளா, வரவையில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்துச் சொல்கிறாளா என்பதைப் பிரிக்காமலே விடலாம். மனிதர்கள் அப்படிப் பிரித்து யோசிப்பதில்லை.

அடிக்கிறவன் யார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தெளிகருவியை முதுகில் சுமந்து, வெறும் மேலோடு, வாய்க்குத் துணிகூட இல்லாமல் காற்றுக்கு எதிரே நடந்தவன் போடியாரும் அல்ல, போதனாசிரியரும் அல்ல. அன்றாடக் கூலிக்கு வந்தவன். பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல்தான் வந்தது, பொலிடோலில் இருந்த பரத்தியன் என்ற நஞ்சைத் தடைசெய்தது 1984இல். அதற்கு முன் அவனைக் காப்பாற்ற ஒரு தாளும் இல்லை. அவன் வாந்தியெடுத்து வாடியில் விழுகிறபோது அம்மன் தண்டித்தாள் என்று சிலர் சொல்வார்கள். விஞ்ஞானத்தின் பேரால் நடந்த ஒரு கவலையீனத்தை ஊர் சமயத்தின் பாஷையில் சரியாகவே இனங்கண்டுகொள்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். இந்த மனிதனுக்கு நாவலில் ஒரு பெயரும், ஒரு வீடும், பேச இரண்டு பக்கமும் கொடுங்கள்.

இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்து இலண்டன் பட்டம் பெற்று, கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, பிறகு இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். கல்லடி உப்போடையில் அவர் அமைத்த சிவானந்தா வித்தியாலயத்தில் படித்துவந்த ஒரு ஆசிரியரை ஊரில் வையுங்கள். மாணவருக்கு ஒட்சிசன் பாடம் நடத்திவிட்டு மாலையில் தேவாரம் படிக்கிறவர். அவர் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்று அவதிப்படட்டும். தீர்வு சொல்கிற ஞானியாக மட்டும் அவரை ஆக்கிவிடாதீர்கள்.

கால விவரங்களில் வழுக்கக்கூடிய சில இடங்கள் உண்டு. 1974இல் கமநல சேவை நிலையம் கிடையாது, அது 1979 சட்டத்தோடு வந்தது. அப்போது இருந்தவை பயிர்ச்செய்கைக் குழுவும் விவசாய உற்பத்திக் குழுவும். கிராமத்துக்குள் சைக்கிளில் வருகிற கீழ்நிலை அலுவலரைக் கே.வி.எஸ். என்பார்கள். நெல் வாங்க 1971இல் அமைத்த நெல் சந்தைப்படுத்தும் சபை இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி இல்லை, வானொலிதான். அறுவடை மெசின் வயலில் இறங்கியதாக எழுதிவிடாதீர்கள். கத்தியால் வெட்டி, சூடு என்ற நெற்போர் வைத்து, களவெட்டியில் மாட்டாலோ உழவு இயந்திரத்தாலோ மிதித்தார்கள். களத்துக்குள் நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்று சொல்கிற காலம் அது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல், ஆகவே பெத்தாவின் இளமைக்காலம் முழுக்க மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் கழிந்திருக்கும். அந்த ஆண்டுகளில் இறக்குமதி கட்டுப்பட்டு, அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை போட்டிருந்தார்கள். நெல்லின் விலை ஏறிய நேரம். ஒரு போகம் எரிந்தால் இழப்பு முன்னைவிடப் பெரியது. ஊரின் பதற்றத்துக்கு இந்தப் பின்னணி கட்டாயம் வேண்டும்.

இவற்றை வைத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். பழைய வட்டை விதானைமார், ஓய்வுபெற்ற போதனாசிரியர்கள், கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மார் இன்னும் இருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் பூச்சிக்கு என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த நெல், எந்தப் போகம், எண்ணெய் யாரிடம் கடனுக்கு எடுத்தது, கடன் எப்படி அடைந்தது என்று கேளுங்கள். கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். மே, ஜூன் மாதத்தில் போனால் சடங்கையும் வயலையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். குளிர்த்தி முடிகிறவரை இருங்கள், இடையில் எழும்பி வராதீர்கள்.

முடிவு பற்றி ஒன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி உங்களை நிச்சயம் ஆசைகாட்டும். கோயில் கூரை, வயல், தென்னை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது அது. அதைக் கடைசி அத்தியாயத்தில் வைத்தால் எல்லாக் கேள்வியும் காற்றோடு போய்விடும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அதற்கு முந்திய ஏதாவது ஓர் ஆண்டின் ஆரம்பக் கூட்டத்தில் முடியுங்கள். எரிந்த போகத்துக்கு அடுத்த போகம். போதனாசிரியர் ஒரு திகதி சொல்கிறார், கப்புகனார் நாள் பார்த்து வேறொன்று சொல்கிறார், முஸ்லிம் போடியார் நோன்பைக் கணக்கிட்டு மூன்றாவது ஒன்று சொல்கிறார். கூலிக்காரனின் மனைவி வாசலில் நிற்கிறாள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. விதானை கொப்பியைத் திறந்து, எல்லோரும் கையுயர்த்தட்டும் என்கிறார். ஒரு நாளுக்குப் பெரும்பான்மை விழவேண்டும், விழுந்தால்தான் குளத்தைத் திறப்பார்கள். எந்த நாள் என்பதை அதற்குள் உங்கள் பாத்திரங்களே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு சின்ன உதவிக் குறிப்பும் இருக்கிறது. தத்தியை எதிர்க்கும் வலுவான மரபணுக்களில் ஒன்றைப் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் எடுத்தது இலங்கையின் நாட்டு நெல் ஒன்றிலிருந்துதான், அதன் பெயர் ரத்து ஹீனட்டி. புதிய விதை வந்ததும் கைவிடப்பட்ட பழைய சிவப்பு நெல்களில் ஒன்று. உங்கள் பெத்தா பானைக்குள் ஒரு மரைக்கால் பழைய விதைநெல்லை வேப்பிலை போட்டு மூடி வைத்திருப்பதாக எழுதினால் அது வரலாற்றுக்கு முரணாகாது. அவள் அதை எந்த ஆராய்ச்சிக்காகவும் வைத்திருக்கவில்லை, அம்மனுக்குப் பொங்க அந்த அரிசிதான் வேண்டும் என்று வைத்திருக்கிறாள்.